யார் களத்தில் இறங்கலாம்? கல்லூரித் தடகளப் போட்டிக்குத் தகுதி விதி எழுதும் முறை

உங்கள் கல்லூரி இந்த ஆண்டு கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டியை நடத்துகிறது. டிராக் போட ஆள் சொல்லியாகிவிட்டது, கோப்பைக்கு ஸ்பான்சரும் கிடைத்தாயிற்று. தகுதி விதியை மட்டும், போன ஆண்டு வேறொரு கல்லூரி அனுப்பிய சுற்றறிக்கையில் தேதியை மாற்றி அச்சடித்துவிடலாம் என்று தோன்றும். போட்டியன்று காலை ஹீட்ஸ் தொடங்கும் நேரத்தில், "அந்தப் பையன் ரெகுலர் ஸ்டூடண்டே இல்லை சார்" என்று ஒரு கோச் வந்து நிற்பார். அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பதில் இருக்காது.

உடற்கல்வி இயக்குநர், விளையாட்டுச் செயலர், போட்டி நடத்தும் மாணவர் குழு ஆகியோருக்காக எழுதப்பட்ட அத்தியாயம் இது. இதில் உள்ள எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: விதி கறாராக இருக்கட்டும், தளர்வும் அந்த விதிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கட்டும். முன்கூட்டியே எழுதி எல்லோருக்கும் சொன்ன தளர்வு நியாயமானது. போட்டியன்று ஒருவருக்கு மட்டும் வாய்மொழியாகக் கொடுப்பதைப் பாரபட்சம் என்றுதான் மற்றவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் தவறும் இல்லை.

## எழுத உட்காரும் முன்

மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. இது தேர்வுப் போட்டியா, அழைப்புப் போட்டியா? பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டி என்றால் உங்களுக்குச் சுதந்திரம் குறைவு. பல்கலைக்கழக விதியும், அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் (ஏ.ஐ.யு.) வைத்திருக்கும் விதியும் அப்படியே பொருந்த வேண்டும். இல்லையென்றால் இங்கே தங்கம் வாங்கிய மாணவர் அங்கே சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்படுவார். அழைப்புப் போட்டி என்றால் தளர்வுக்கு இடம் அதிகம்.
2. யாரை உள்ளே கொண்டுவர விரும்புகிறீர்கள்? சாம்பியன்களை மட்டுமா, முதல் தடவை ஸ்பைக்ஸ் போடும் மாணவர்களையுமா? வயது, பங்கேற்பு ஆண்டு, நுழைவு எண்ணிக்கை எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தவை.
3. யார் முடிவு சொல்வார்கள்? மூன்று பேர் கொண்ட தகுதிக் குழு ஒன்றை இப்போதே அமையுங்கள். நடத்தும் கல்லூரியிலிருந்து ஒருவர் போதும். மற்ற இருவர் வெளியாட்களாக இருக்கட்டும். தம் கல்லூரி மாணவர் பற்றிய முடிவில் எவரும் உட்காரக் கூடாது என்பதால், மாற்று உறுப்பினர் ஒருவரையும் குறித்துவையுங்கள்.

## படிப்படியாக

### படி 1: மேலே உள்ள அமைப்பின் விதியைக் கையில் எடுங்கள்

உங்கள் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் நடப்பு ஆண்டுச் சுற்றறிக்கை, ஏ.ஐ.யு.வின் நடப்பு ஆண்டுத் தகுதி விதி, போட்டி நுட்பத்துக்கு உலகத் தடகள அமைப்பின் விதிப் புத்தகம். இந்த மூன்றும் மேசையில் இருக்க வேண்டும். "நடப்பு ஆண்டு" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம், வயது வரம்பும் கல்வி நிபந்தனையும் அடிக்கடி திருத்தப்படுபவை. வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பி.டி.எஃப்.ஐ நம்பாதீர்கள்.

### படி 2: "மாணவர்" என்றால் யார் என்று எழுதுங்கள்

பாதித் தகராறு இந்த ஒரு சொல்லில்தான் பிறக்கிறது. உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் ஃபிசு அமைப்பு இதை இரண்டு வரியில் முடிக்கிறது: பட்டம் அல்லது பட்டயத்துக்காகப் படித்துக்கொண்டிருப்பவர் தகுதியானவர், போட்டி ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் பட்டம் பெற்றவரும் தகுதியானவர். இரண்டாவது வரி ஒரு தளர்வு. ஆனால் விதிக்குள்ளேயே இருப்பதால் அதைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை.

உங்கள் வரையறையில் இவற்றுக்கெல்லாம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்:

- தொலைநிலைக் கல்வியிலும் இணையவழியிலும் படிப்பவர்
- ஓராண்டுக்குக் குறைவான சான்றிதழ் படிப்பில் சேர்ந்தவர்
- முனைவர் பட்ட ஆய்வாளர்
- சேர்க்கை இன்னும் உறுதியாகாத, தற்காலிக அனுமதியில் இருப்பவர்
- ரயில்வே, காவல்துறை, ராணுவம் போன்றவற்றில் முழுநேர வேலையில் இருந்துகொண்டே கல்லூரியில் பெயர் வைத்திருப்பவர்
- ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிப்பவர்

கடைசி வகை புதியது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் இரண்டு பட்டப்படிப்புகளை ஒரே காலத்தில் படிக்க அனுமதி தந்தது. எனவே "ஒரு கல்வியாண்டில் ஒரே கல்லூரிக்காக மட்டும் களமிறங்கலாம், எந்தக் கல்லூரி என்பதை நுழைவுப் படிவத்தில் மாணவர் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள்.

குறிப்பு: முழுநேர ஊழியர்களைத் தவிர்ப்பது பொதுவான வழக்கம். மாலையில் பெட்ரோல் பங்கிலோ துணிக்கடையிலோ பகுதிநேரம் வேலை பார்த்துப் படிக்கும் மாணவர் அந்த வரியில் சிக்கிவிடாதபடி "முழுநேர, மாதச் சம்பள வேலை" என்று தெளிவாக எழுதுங்கள்.

### படி 3: வயதைத் தேதியாக எழுதுங்கள்

"25 வயதுக்கு உட்பட்டோர்" என்று எழுதினால், 25 நிரம்பாதவரா, 26 நிரம்பாதவரா என்று இரண்டு கட்சி உருவாகும். பிறந்த தேதியாகச் சொல்லிவிட்டால் கணக்குக்கே வேலையில்லை. 2025-இல் ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுக்கு 1-1-2000 முதல் 31-12-2007 வரை பிறந்தவர்கள் என்று அறிவித்திருந்தார்கள். அப்படி எழுதுங்கள்.

போட்டி தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக் 2020-லிருந்து 2021-க்குத் தள்ளிப்போனபோது, ஆண்கள் கால்பந்தில் 23 வயது வரம்பு என்னாகும் என்ற கேள்வி எழுந்தது. 1-1-1997 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்ற பழைய தேதியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஓராண்டு காத்திருந்த எவரும் வயதால் வெளியேற்றப்படவில்லை. மழையோ தேர்தலோ உங்கள் போட்டியைத் தள்ளினால், முதல் அறிவிப்பில் உள்ள தேதியே செல்லும் என்று ஒரு வரி போதும்.

### படி 4: வயதோடு பங்கேற்பு ஆண்டையும் எண்ணுங்கள்

வயது வரம்பு மட்டும் வைத்தால் ஒரு சாராருக்கு அநீதி நேரும். பிளஸ் டூ முடித்து, வீட்டுச் சூழலால் மூன்று ஆண்டு மில் வேலைக்குப் போய்விட்டு 20 வயதில் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு, நேராக வந்தவரைவிடக் குறைவான ஆண்டுகளே கிடைக்கும். ஆண்டு எண்ணிக்கை மட்டும் வைத்தாலோ, ஒரு பட்டம் முடித்து இன்னொன்றில் சேர்ந்துகொண்டே, வயது வெகுவாகக் கூடிய பிறகு களமிறங்குபவரை நிறுத்த முடியாது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் பல்லாண்டுகளாக இருந்துவந்த முறை இதற்கு உதவும். முழுநேரப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக் காலம். அதற்குள் நான்கு பருவங்கள் போட்டியிடலாம். அந்த ஓராண்டு இடைவெளி காயத்துக்கும் படிப்புச் சுமைக்கும் இடம் கொடுக்கிறது. அழைப்புப் போட்டியில் நீங்களும் இரண்டையும் சேர்க்கலாம்: வயது வரம்பைச் சற்றுத் தாராளமாக வையுங்கள்; பங்கேற்பு எண்ணிக்கையைக் கறாராக வையுங்கள்.

பங்கேற்பு என்றால் என்ன என்பதையும் எழுத வேண்டும். படிவத்தில் பெயர் இருந்தாலே பங்கேற்பா, ஸ்டார்ட்டிங் லைனில் நின்றால்தானா? "ஒரு நிகழ்விலாவது களமிறங்கியிருந்தால் மட்டும் ஓர் ஆண்டாகக் கணக்கிடப்படும்" என்பது நியாயமான வரையறை.

### படி 5: படிப்பு நிபந்தனையில் அரியரைத் தொடாதீர்கள்

"அரியர் இல்லாதவர் மட்டும்" என்ற வரி பார்க்க ஒழுக்கமாகத் தெரியும். நடைமுறையில், தேர்வு நேரத்தில் பயிற்சி முகாமில் இருந்தவரையும், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து ஒரு பாடத்தில் திணறுபவரையும்தான் அது வெளியே தள்ளும். படிப்பைப் பொருட்படுத்தாமல் விட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவில் இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்துக்கான பாடங்களில் 40 விழுக்காடு, மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80 முடித்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. மாணவர் முன்னேறுகிறாரா என்பதே அங்கே கேள்வி.

நம் கல்லூரிகளுக்கு ஏற்றபடி இப்படி எழுதலாம்:

1. நடப்பு ஆண்டு வகுப்புக்கு முறையாக ஏற்றம் பெற்றிருக்க வேண்டும்.
2. கடைசியாக நடந்த பருவத் தேர்வுக்குப் பதிவு செய்திருக்க வேண்டும்.
3. வருகைப்பதிவைக் கணக்கிடும்போது விளையாட்டுக்காகக் கொடுத்த ஓ.டி. நாட்களை வந்த நாட்களாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

### படி 6: கல்லூரி மாறியவரை எப்படி நடத்துவது

ஆள் பிடிக்கும் வேலை நம் ஊரிலும் உண்டு. ஆகஸ்டில் ஒரு கல்லூரி, ஜனவரியில் இன்னொரு கல்லூரி என்று நல்ல ஓட்டக்காரர் மாறினால் சின்னக் கல்லூரிகள் சோர்ந்துபோகும். அதற்காக மாறியவர் எல்லோரையும் ஓராண்டு உட்காரவைப்பதும் சரியல்ல. என்.சி.ஏ.ஏ.விலேயே சில விளையாட்டுகளில் மாறுபவர் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-இல் ஒருமுறை மட்டும் காத்திருப்பின்றி மாற அனுமதித்தார்கள். 2024-இல் படிப்புத் தகுதி சரியாக இருந்தால் காத்திருப்பே வேண்டாம் என்றாகிவிட்டது.

நீங்கள் வைக்கத்தக்க நடுவழி இது:

- ஒரே கல்வியாண்டில் இரண்டு கல்லூரிகளுக்காகக் களமிறங்க முடியாது.
- கல்வியாண்டுத் தொடக்கத்தில் மாற்றுச் சான்றிதழுடன் சேர்ந்தவருக்குத் தடை இல்லை.
- ஆண்டின் நடுவில் மாறியவர் அடுத்த கல்வியாண்டு வரை காத்திருக்க வேண்டும். படிப்பு மூடப்பட்டது, கல்லூரி மூடப்பட்டது, துன்புறுத்தல் புகார் ஆகிய காரணங்களுக்கு விலக்கு உண்டு.
- பட்டம் முடித்து மேற்படிப்புக்கு வேறு கல்லூரி போவது மாறுதல் அல்ல.

### படி 7: பிரிவுகளைக் கண்ணியத்தோடு வகுத்துக்கொள்ளுங்கள்

பெண்கள் பிரிவு. கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடி பிரிவு என்று எழுதிவிட்டு அதோடு நிறுத்துங்கள். ஒருவரின் தோற்றத்தையோ குரலையோ பார்த்துச் சந்தேகம் கிளப்ப எந்த அலுவலருக்கும் அதிகாரம் கொடுக்காதீர்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து பாலினச் சோதனைக்குப் பிறகு பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தச் செய்தி ஊடகத்தில் கையாளப்பட்ட விதம் அவர் வாழ்க்கையையே புரட்டிப்போட்டது. 2014-இல் பெண்கள் பிரிவுக்கான தகுதி விதியால் தடுக்கப்பட்ட ஒடிசா ஓட்டக்காரர் த்யுதி சந்த், விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போய் 2015-இல் அந்த விதியையே நிறுத்திவைக்கச் செய்தார். உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் முதல் தன் உலகத் தரவரிசைப் போட்டிகளின் பெண்கள் பிரிவுக்கு ஒருமுறை மரபணுச் சோதனை கேட்கிறது. அது அவர்கள் வேலை. கல்லூரிப் போட்டி நடத்துபவர் எந்தச் சோதனையும் செய்யவோ கேட்கவோ கூடாது. புகார் வந்தால் எழுத்தில், மூடிய உறையில், தகுதிக் குழுவுக்கு மட்டும் வரட்டும். மைக்கில் எதையும் சொல்லாதீர்கள். திருநர் மாணவர் நுழைவு கேட்டால், பல்கலைக்கழகத்தின் நடப்பு விதியை எழுத்தில் கேட்டு வாங்கி, நுழைவு முடியும் தேதிக்கு முன் அவருக்குப் பதில் சொல்லிவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள். எல்லோரையும் ஒரே 100 மீட்டரில் நிற்கவைத்து முதல் மூன்று பேருக்குப் பதக்கம் கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்யும் அநீதி. பாரா தடகளத்தில் எழுத்தும் எண்ணும் சேர்ந்த வகைப்பாடு இருக்கிறது. மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோவில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றது டி42 பிரிவில். டி11 முதல் டி13 வரை பார்வைக் குறைபாடு உடையோருக்கு, டி51 முதல் டி54 வரை சக்கர நாற்காலியில் போட்டியிடுவோருக்கு. நுழைவு குறைவாக இருந்தால் சேர்த்து ஓடவையுங்கள். முடிவுப் பட்டியலைப் பிரிவுவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். டி11-இல் வழித்துணை ஓட்டக்காரர் உடன் ஓடுவார் என்பதால், அவருக்கும் செஸ்ட் நம்பர் கொடுத்து, தகுதிப் படிவம் தனியாக வாங்குங்கள். காது கேளாத மாணவருக்குத் துப்பாக்கி ஓசையோடு கொடி அல்லது விளக்குச் சைகை வேண்டும். இவை சலுகைகள் அல்ல, போட்டி ஏற்பாட்டின் பகுதி. எனவே விலக்கு விண்ணப்பம் கேட்காதீர்கள்; படிவத்தில் ஒரு கட்டம் போட்டால் போதும்.

### படி 8: உடல்நலத்தில் தளர்வு வேண்டாம்

மற்ற பலவற்றில் வளைந்து கொடுக்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் கூடாது.

1. பதிவு பெற்ற மருத்துவரின் உடல்தகுதிச் சான்று எல்லோருக்கும் கட்டாயம். ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் ஆகியவற்றைக் கேட்டு மருத்துவர் கையெழுத்திட்ட சான்றாக அது இருக்கட்டும்.
2. 18 வயது நிரம்பாத முதலாண்டு மாணவருக்குப் பெற்றோர் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள்.
3. ஒருவருக்கு எத்தனை நிகழ்வு என்ற உச்சவரம்பு வையுங்கள். மூன்று தனிநபர் நிகழ்வும் தொடர் ஓட்டங்களும் என்பது தாராளமான அளவு. 5,000 மீட்டரையும் 10,000 மீட்டரையும் ஒரே நாளில் ஒருவர் ஓட அனுமதிக்காதீர்கள்.
4. எறிதலில் எடையைக் கவனியுங்கள். ஆண்கள் குண்டு 7.26 கிலோ, 20 வயதுக்கு உட்பட்டோருக்கு 6 கிலோ. பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்தவர் கனமான குண்டுக்கோ சம்மட்டிக்கோ பழகியிருக்க மாட்டார். சம்மட்டி, தட்டு எறிதலுக்கு வருபவர் அந்த நிகழ்வில் பயிற்சி பெற்றவர் என்று அவர் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் கையெழுத்திட வேண்டும். ஆள் இல்லாத நிகழ்வுக்குப் புள்ளிக்காக யாரையாவது நிறுத்தும் பழக்கம் இதனால் நிற்கும்.
5. இன்சுலின், ஆஸ்துமா மருந்து போன்றவை எடுப்பவர் மருத்துவக் குழுவிடம் ரகசியமாகத் தெரிவிக்கட்டும். ஊக்கமருந்துச் சோதனை நடக்கும் மட்டத்துக்குப் போகிறவர்களிடம், தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு முறையைப் பற்றி இப்போதே சொல்லிவிடுங்கள்.

### படி 9: விலக்கு விதியை எழுதுங்கள்

இந்த அத்தியாயத்தின் மையமான படி இது. விலக்கு விதிக்கு ஐந்து உறுப்புகள் வேண்டும்.

1. காரணப் பட்டியல். காயம் அல்லது நோய், கர்ப்பம், மகப்பேறு, தேசிய முகாம் அல்லது நாட்டுக்காக ஆடும் கடமை, வெள்ளம், புயல் போன்ற பேரிடர், நெருங்கிய உறவினர் மரணம். "பிற தகுந்த காரணங்கள்" என்று கதவைத் திறந்துவிட்டால் பட்டியலுக்கே அர்த்தமில்லை.
2. எதைத் தளர்த்தலாம். நுழைவுத் தேதி, வருகைப்பதிவு, பங்கேற்பு ஆண்டுக் கணக்கு, ஆவணம் தாக்கல் செய்யும் கெடு.
3. எதைத் தளர்த்தவே முடியாது. மாணவர் என்ற நிலை, அடையாளம், உடல்தகுதி.
4. அளவுகோல். முடிந்த இடத்தில் எண்ணாகச் சொல்லுங்கள். காயத்தால் இழந்த பருவத்தை மாணவருக்குத் திருப்பித் தர என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவில் வைத்த அளவுகோல் இது: காயம் பருவத்தின் முதல் பாதியில் நேர்ந்திருக்க வேண்டும், மூன்று போட்டி அல்லது 30 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அதற்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, மருத்துவ ஆவணம் வேண்டும். இதில் கெஞ்சலுக்கும் சிபாரிசுக்கும் வேலையே இல்லை. மாணவரே தன் வழக்கை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.
5. கெடுவும் பதிலும். விண்ணப்பம் போட்டிக்கு 10 நாள் முன்பு வரை, முடிவு மூன்று நாளில், காரணத்தோடு எழுத்தில்.

எல்லோரையும் ஒரே மாதிரி பாதித்த நிகழ்வுக்குத் தனித்தனி விண்ணப்பம் கேட்காதீர்கள். கொரோனாக் காலத்து 2020-21 பருவத்தை என்.சி.ஏ.ஏ. யாருடைய கணக்கிலும் சேர்க்கவில்லை. அந்த ஆண்டு ஆடியவர் எல்லோருக்கும் கூடுதல் ஆண்டு கிடைத்தது. உங்கள் மாவட்டத்தில் வெள்ளம் வந்து பத்துக் கல்லூரி மூடியிருந்தால், கெடுவை எல்லோருக்கும் ஒரு வாரம் தள்ளுங்கள்.

குறிப்பு: கொடுத்த விலக்கையும் மறுத்த விலக்கையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு அதே காரணத்தோடு வருபவருக்கு அதே பதில் கிடைக்க வேண்டும். பட்டியலை வெளியிடும்போது காரணத்தின் வகையை மட்டும் போடுங்கள். மருத்துவ விவரம் வேண்டாம்.

### படி 10: ஆவணம் சரிபார்ப்பு

கேட்க வேண்டியவை குறைவுதான்:

- முதல்வர் முத்திரையுடன், புகைப்படம் ஒட்டிய போனஃபைடு சான்று
- பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று
- கல்லூரி அடையாள அட்டை (அசல், போட்டியன்று)
- உடல்தகுதிச் சான்று
- இந்த ஆண்டு மாறியவர் என்றால் மாற்றுச் சான்றிதழ் நகல்

ஆதார் நகல் கேட்காதீர்கள்; தேவையில்லாததைச் சேகரித்தால் பாதுகாக்கும் பொறுப்பும் உங்கள் தலையில் விழும். படிவம் வந்த 48 மணி நேரத்துக்குள் குறையைச் சொல்லி, திருத்த ஒரு வாய்ப்புக் கொடுங்கள். முத்திரை தெளிவில்லை, முதலெழுத்து மாறியிருக்கிறது என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். பிறந்த தேதியைத் திருத்தியவருக்கும், ஒருவர் பெயரில் இன்னொருவரை ஓடவைத்த அணிக்கும் தயவு காட்டாதீர்கள்.

### படி 11: ஆட்சேபம் வந்தால்

உலகத் தடகள விதிப் புத்தகத்தில் இதற்குத் தெளிவான வழி இருக்கிறது. ஒருவர் பங்கேற்கத் தகுதியானவரா என்ற ஆட்சேபத்தைப் போட்டி தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். தொடங்கும் முன் தீர்க்க முடியாவிட்டால், அவரை "ஆட்சேபத்தின் கீழ்" ஓட அனுமதித்துவிட்டு விஷயத்தை மேல் அமைப்புக்கு அனுப்ப வேண்டும். ஓட்டத்தில் நடந்ததைப் பற்றிய ஆட்சேபத்துக்கு, முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் என்ற கெடு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

போட்டியன்று இந்த வரிசையில் செயல்படுங்கள்:

1. அணி மேலாளரிடம் மட்டும், எழுத்தில், கட்டணத்தோடு ஆட்சேபம் வாங்குங்கள். ஆட்சேபம் வென்றால் கட்டணம் திரும்பும்.
2. எதிர்த்தரப்பு மாணவரையும் அவர் மேலாளரையும் அழைத்துக் கேளுங்கள்.
3. ஆவணம் கையில் இருந்தால் உடனே முடிவு சொல்லுங்கள்.
4. இல்லையென்றால் ஓடவிடுங்கள். முடிவுத் தாளில் அவர் பெயருக்கு எதிரே குறியிடுங்கள். பதக்கத்தை நிறுத்திவையுங்கள்.
5. எத்தனை நாளில் முடிவு என்று அங்கேயே எழுதிக் கொடுங்கள். ஏழு நாளுக்கு மேல் இழுக்காதீர்கள்.

ஓடவிட்ட பிறகு பதக்கத்தைத் திருத்தி வழங்கலாம். ஓடவிடாமல் நிறுத்தியவருக்கு அந்த ஓட்டத்தைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- "நடத்தும் குழுவின் முடிவே இறுதியானது" என்ற ஒற்றை வரி. விதி எழுதாமல் தப்பிக்கும் வழி இது. முறையீட்டுக்கு ஒரு படியாவது வையுங்கள்.
- கெடு முடிந்த பிறகு விதியைத் திருத்துவது. ஒரு கல்லூரிக்கு உதவும் என்றால் நிச்சயம் இன்னொன்றை அடிக்கும். திருத்தம் அடுத்த ஆண்டு முதல்.
- பெரிய வீரருக்கு மட்டும் கதவு திறப்பது. தேசியப் பதக்கக்காரர் வந்தால் கூட்டம் வரும் என்று தாமத நுழைவை ஏற்றுக்கொண்டால், அதே நாளில் தாமதமாக வந்த கிராமக் கல்லூரியையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.
- மாணவர் தவறையும் கல்லூரித் தவறையும் ஒன்றாக்குவது. அலுவலகம் படிவத்தை அனுப்ப மறந்ததற்கு மாணவரைத் தண்டிக்காதீர்கள். கல்லூரிக்குத் தாமதக் கட்டணம் போடுங்கள்.
- விதியை ஆங்கிலத்தில் மட்டும் வெளியிடுவது. படிப்பவர் மாணவர். தமிழிலும் கொடுங்கள்.

## அப்படியே எடுத்துக்கொள்ள ஒரு மாதிரி

> 1. நடப்புக் கல்வியாண்டில், ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட படிப்பில் முழுநேர மாணவராக உள்ளவர் பங்கேற்கலாம்.
> 2. ____ அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவராக இருக்க வேண்டும். போட்டி ஒத்திவைக்கப்பட்டாலும் இத்தேதி மாறாது.
> 3. இப்போட்டியில் ஒருவர் அதிகபட்சம் ____ ஆண்டுகள் பங்கேற்கலாம். ஒரு நிகழ்விலாவது களமிறங்கிய ஆண்டு மட்டும் கணக்கில் வரும்.
> 4. ஒரு கல்வியாண்டில் ஒரு கல்லூரிக்காக மட்டும் பங்கேற்கலாம்.
> 5. இணைப்பில் உள்ள காரணங்களுக்கு மட்டும் விலக்கு வழங்கப்படும். விண்ணப்பம் ____ தேதிக்குள் வர வேண்டும். முடிவு மூன்று நாளில் எழுத்தில் தரப்படும்.
> 6. தகுதி பற்றிய ஆட்சேபம் நிகழ்வு தொடங்கும் முன் தரப்பட வேண்டும். தீராத ஆட்சேபத்தில் மாணவர் ஆட்சேபத்தின் கீழ் பங்கேற்பார்.

## நாள்காட்டி

- 45 நாள் முன்: தகுதிக் குழு அமைப்பு, விதி வரைவு
- 35 நாள் முன்: வரைவைப் பங்கேற்கும் கல்லூரிகளுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பு
- 30 நாள் முன்: இறுதி விதி வெளியீடு
- 12 நாள் முன்: நுழைவு முடிவு
- 10 நாள் முன்: விலக்கு விண்ணப்பக் கெடு, ஆவணக் குறை அறிவிப்பு
- 7 நாள் முன்: விலக்கு முடிவுகள் அனுப்புதல்
- 5 நாள் முன்: தகுதியானவர் பட்டியல் எல்லாக் கல்லூரிக்கும்
- முந்தைய நாள்: மேலாளர் கூட்டம், தகுதி ஆட்சேபம் இருந்தால் அங்கேயே கொடுக்கச் சொல்லுதல்

இதில் 35-ஆம் நாள் வேலையைத் தவிர்க்காதீர்கள். வரைவைப் படித்த கல்லூரிகள் எழுப்பும் கேள்விகளில்தான் நீங்கள் யோசிக்காத மாணவர்கள் இருப்பார்கள்: பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர், குழந்தை பெற்றுத் திரும்பி வந்தவர், இரட்டைப் பட்டம் படிப்பவர். அவர்களுக்கான பதிலை அப்போதே விதியில் சேர்த்துவிடலாம்.

விதியை வெளியிடும் முன் ஒரு கடைசிச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் கல்லூரியின் சிறந்த ஓட்டக்காரர் இந்த விதியால் வெளியேற நேர்ந்தால் அதை மாற்றாமல் ஏற்பீர்களா? போட்டிக் கல்லூரியின் சிறந்த ஓட்டக்காரர் இதே விதியின் விலக்கால் உள்ளே வந்தால் மறுக்காமல் ஏற்பீர்களா? இரண்டுக்கும் "ஆம்" என்றால் அச்சுக்கு அனுப்புங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் திருத்துங்கள். இன்னும் நாள் இருக்கிறது.